இழந்த வலுவும் இரவல் வலுவும்

பத்திரிகையாளன் ஒருவன் எஞ்சினைப் பற்றி எழுதத் தொடங்கினால் வாசகர்களில் சிலர் முகம் சுளிக்கக்கூடும். கலைப் பட்டதாரிக்கும் கரிபிடித்த பிஸ்டனுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கவும் கூடும். தொடர்பு உண்டு. அதில் எனக்கொரு குற்றவுணர்வும் உண்டு. இத்தனை ஆண்டுகளாக இதை எழுதாமல் ஒத்திப்போட்டதற்கு அதுவே காரணம்.

அக்கரைப்பற்றிலிருந்து தெற்கே செல்லும் சாகாமம் வீதியை இப்பகுதியினர் நன்கறிவர். சாகாமக் குளத்து நீரை நம்பி விளையும் வயல்களுக்கு இட்டுச்செல்லும் வீதி அது. யுத்த காலத்தில் அந்தி சாய்ந்த பின் அவ்வழியே செல்லத் துணிந்தவர் சிலரே. இன்று அறுவடைக் காலத்தில் நள்ளிரவிலும் அங்கே வாகன வெளிச்சம் ஓய்வதில்லை. அந்த வெளிச்சங்களில் ஒன்று என் இளைய சகோதரனுடைய பிக்கப். தொண்ணூறுகளில் பிறந்த டொயோட்டா ஹைலக்ஸ். ஓடிய தூரம் நான்கு இலட்சம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. பசளை மூடை, விதைநெல், களைநாசினிப் போத்தல், கூலியாட்கள், இடையிடையே ஒரு நோயாளி என அந்த வண்டி சுமக்காதது எதுவுமில்லை.

அவனைப் போலவே பழைய வண்டி வைத்திருக்கும் பலர் இன்று கேட்கும் கேள்வி ஒன்றே: "கையில் இருக்கும் கொஞ்சக் காசில் எஞ்சினைத் திருத்தி, அத்துடன் கொஞ்சம் வலுவும் கூட்ட முடியுமா?" முடியும். ஆனால் அக்கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வண்டி இழந்த வலுவை மீட்பது ஒன்று. அதற்கு ஒருபோதும் இல்லாத வலுவைக் கொடுப்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் கராஜுக்குள் நுழைபவன் காசையும் இழப்பான், எஞ்சினையும் இழப்பான். இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை.

2013 ஆம் ஆண்டின் பெரும்போக அறுவடைக் காலம் அது. குளக்கட்டின் ஏற்றத்தில் சுமையுடன் வண்டி திணறுகிறது என்று சகோதரன் முறையிட்டான். எனக்கு எஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. ஆயினும் எல்லாம் தெரிந்தவன் போலப் பேசும் பழக்கம் எங்கள் தொழிலோடு பிறந்தது. "பம்பில் ஓர் ஆணி இருக்கிறதாம், அதைத் திருகி டீசலைக் கூட்டிவிட்டால் வண்டி பறக்குமாம்" என்று எங்கோ கேட்டதை அவனிடம் சொன்னேன். சொன்னதோடு நில்லாமல் நானே ஒரு கராஜுக்கு அழைத்துச்சென்று, அந்த ஆணியைத் திருகவும் செய்தேன். பத்து நிமிட வேலை, சொற்பக் கூலி. அன்று மாலை வண்டி உண்மையிலேயே பாய்ந்தது. பின்னால் கரும்புகையும் பாய்ந்தது. அதை வலுவின் அடையாளம் என்று நினைத்தோம்.

அந்த அறுவடை முடியுமுன் ஒருநாள், 15 மூடை நெல்லுடன் வயலிலிருந்து திரும்பும் வழியில் எஞ்சின் ஓலமிட்டு நின்றுபோனது. மூன்றாவது சிலிண்டரின் பிஸ்டன் தலை வெப்பத்தில் உருகித் துளைவிட்டிருந்தது. மாற்று வாகனம் தேடி அலைந்த இரண்டு நாட்களில் மழை பிடித்துக்கொண்டது. களத்திலும் வீதியோரத்திலும் கிடந்த நெல்லில் ஒரு பகுதி முளைத்தது. முளைத்த நெல்லை எந்த வியாபாரி வாங்குவான்? சகோதரன் என்னைக் குறைகூறவில்லை. "போகட்டும் காக்கா" என்றான். திட்டியிருந்தால் ஆறியிருப்பேன்.

என்ன நடந்தது என்பதைப் பின்னர்தான் விளங்கிக்கொண்டேன். டர்போ இல்லாத டீசல் எஞ்சின், ஒவ்வொரு சுற்றிலும் தன் சிலிண்டருக்குள் கொள்ளும் அளவு காற்றையே இழுக்கும். ஒரு கிலோ டீசல் முற்றாக எரிய ஏறத்தாழ 14.5 கிலோ காற்று வேண்டும். சிலிண்டருக்குள் இரண்டும் சீராகக் கலக்க நேரம் போதாமையால் நடைமுறையில் அதைவிடக் கணிசமாக அதிகக் காற்று தேவை. காற்றைக் கூட்டாமல் டீசலை மட்டும் கூட்டினால் ஓரளவு வலு கிடைக்கும் என்பது உண்மைதான். அந்த எல்லைக்கு அப்பால் ஊற்றும் டீசல் கரியாகவும் வெப்பமாகவும் மாறுகிறது. கரி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். வெப்பம் பிஸ்டன் தலையிலும் வால்வுகளிலும் சிலிண்டர் ஹெட்டிலும் தங்கும். நாங்கள் பெற்றது வலுவன்று, கடன். வட்டியோடு அறவிடப்பட்டது.

அப்போதும் நாங்கள் பாடம் படிக்கவில்லை. கையில் காசில்லை என்ற காரணத்தால் உருகிய ஒரு பிஸ்டனை மட்டும் மாற்றி, தேய்ந்த சிலிண்டருக்குள்ளேயே புதிய ரிங்குகளைப் போட்டு வண்டியை ஓடவிட்டோம். பத்தாண்டுகள் அது நொண்டியபடியே ஓடியது.

பின்னர் நாடு நொண்டத் தொடங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2021 இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து, அவ்வாண்டு நவம்பரில் அது விலக்கிக்கொள்ளப்படுவதற்குள் விவசாயியின் முதுகு முறிந்திருந்தது. 2022 ஜனவரியில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், ஜூன் இறுதியில் 460 ரூபாவைத் தொட்டது. அதே நாட்களில், ஆகஸ்ட் மாதம் 340 ரூபாவாக உயர்த்தப்படும் வரை, மண்ணெண்ணெய் 87 ரூபா. இந்த இடைவெளியில் எத்தனை டீசல் தாங்கிகளுக்குள் மண்ணெண்ணெய் புகுந்தது என்பதை நான் சொல்லி வாசகர்கள் அறியவேண்டியதில்லை. எங்கள் வண்டிக்குள்ளும் புகுந்தது. இவ்வகை எஞ்சின்களின் இன்ஜெக்‌ஷன் பம்புக்குத் தனியாக எண்ணெய் கிடையாது. அதனூடே ஓடும் டீசலே அதற்கு மசகும் ஆகிறது. மண்ணெண்ணெயில் அந்த வழவழப்புக் குறைவு. பீப்பாய்களில் பதுக்கிய டீசலில் கலந்த தண்ணீர் எஞ்சிய வேலையைப் பார்த்துக்கொண்டது.

2023 இல் வண்டி குளிர்ந்த காலையில் தொடங்க மறுத்தது. புதிய வண்டிக்கு வழியில்லை. பழைய வண்டியின் விலையோ, இறக்குமதித் தடையால் கேட்டாலே தலை சுற்றும் அளவுக்கு ஏறியிருந்தது. இம்முறை நான் வாயைத் திறப்பதில்லை என்ற தீர்மானத்துடன் சகோதரனோடு கூடப்போனேன். சாகாமம் வீதியோரத்தில் தகரக் கொட்டில் ஒன்றில் வேலை செய்யும் தமிழர் அவர். நாற்பது வயது மதிக்கத்தக்கவர். எல்லோருக்கும் அவர் "பாஸ்".

"எப்ப கழட்டுற பாஸ்?" என்றான் சகோதரன்.

"கழட்ட முதல் அளந்து பாக்கணும் காக்கா. அளக்காமக் கழட்டினா உங்கட காசுலதான் நான் படிக்கணும்" என்றார் அவர்.

அந்த ஒரு வாக்கியத்திற்காகவே அவரிடம் வண்டியைக் கொடுக்கலாம் என்று தோன்றியது.

அந்த ஹைலக்ஸில் இருப்பது 2எல் என்னும் எஞ்சின். நான்கு சிலிண்டர், 2446 சி.சி. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் நகரும் தூரமும் 92 மில்லிமீற்றர். புதிதில் அதன் வலு சுமார் 83 குதிரை, இழுவிசை 165 நியூற்றன் மீற்றர். நல்ல நிலையில் உள்ள இவ்வகை எஞ்சினின் அமுக்கம் சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 450 இறாத்தல். 285க்குக் கீழே இறங்கினால் திருத்தியாக வேண்டும். சிலிண்டர்களுக்கிடையிலான வித்தியாசம் 70 அளவைத் தாண்டக்கூடாது. எங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர்கள் 380 அளவில் நின்றன. மூன்றாவது சிலிண்டர் 270. அதே சிலிண்டர், பத்தாண்டுகளுக்கு முன்னர் நாங்கள் மிச்சம் பிடித்த சிலிண்டர். அதற்குள் சில துளி எண்ணெய் விட்டு மீண்டும் அளந்தபோது முள் மேலே ஏறியது. வால்வில் கசிவு இருந்திருந்தால் எண்ணெய் விட்டும் முள் அசைந்திராது. கோளாறு ரிங்கிலும் சிலிண்டர் சுவரிலும் என்பது, எஞ்சினைத் திறக்குமுன்னரே தெரிந்துவிட்டது. சுவர் ஏன் தேய்ந்தது என்று தேடியபோது, காற்று வடிகட்டியிலிருந்து எஞ்சினுக்கு வரும் இறப்பர்க் குழாயின் அடிப்பக்கத்தில் விரல் நீள வெடிப்பு அகப்பட்டது. அறுவடைக் களத்தின் தூசி முழுவதும் வடிகட்டிக்கு வெளியே, அந்த வெடிப்பின் வழியாக உள்ளே போயிருக்கிறது.

சகோதரன் விடவில்லை. "செலவழிக்கிறதுதான் செலவழிக்கிறம், கொஞ்சம் கூடுதலா இழுக்கிற மாதிரிச் செஞ்சா என்ன?" என்றான். நியாயமான ஆசை. பாஸ் ஒரு பழைய கலண்டர் தாளின் பின்புறத்தில் கணக்குப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை இங்கே தருவது பலருக்கும் உதவும் என்று நம்புகிறேன்.

முதலாவது, சிலிண்டரைக் கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடுவது. இதனால் வலு கூடும் என்று பலர் நம்புகின்றனர். அரை மில்லிமீற்றர் கடைந்தால் 2446 சி.சி. என்பது 2473 ஆகும். கூடுவது நூற்றுக்கு ஒன்று. முழு மில்லிமீற்றர் கடைந்தாலும் நூற்றுக்கு இரண்டுதான். அதற்குமேல் அடுத்த முறை கடைவதற்குச் சுவரில் சதை இராது. ஆகவே கடைவது தேய்வைச் சரிசெய்வதற்கு மட்டுமே. எவ்வளவு குறைவாகக் கடைந்து சுவர் சுத்தமாகுமோ அவ்வளவே நல்லது.

இரண்டாவது, இதே குடும்பத்தைச் சேர்ந்த 3எல் எஞ்சினைத் தேடி மாற்றுவது. 2779 சி.சி., 188 நியூற்றன் மீற்றர். இழுவிசையில் நூற்றுக்குப் பதினான்கு வரை கூடுதல். உண்மையான கூட்டல் இது ஒன்றுதான். பெரிய வெட்டுக்கொத்து இன்றி உட்காரும். ஆனால் கிடைப்பது ஜப்பானில் கழித்துவிட்ட பழைய எஞ்சின். உள்ளே என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும். திறந்தால் அதற்கும் இதே செலவு. எஞ்சின் இலக்கம் மாறுவதால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவையும் மாற்றவேண்டும். நம் எஞ்சினின் புளொக் வெடித்திருந்தால் இதுவே சரியான வழி. எங்களுடையது வெடிக்கவில்லை.

மூன்றாவது, டர்போ பூட்டுவது. 2எல் எஞ்சினின் அமுக்க விகிதம் 22க்கு 1 என்ற அளவைத் தாண்டியது. டர்போவுக்கென வார்க்கப்படாத பிஸ்டன்களை வைத்துக்கொண்டு அதன்மேல் மேலும் காற்றைத் திணிப்பது, 2013 இல் நான் செய்ததையே அதிகச் செலவில் செய்வதாகும்.

நான்காவது, இழந்ததை மீட்பது. இதையே தேர்ந்தோம்.

குறைந்த காசில் செய்யும் வேலையில் எங்கே மிச்சம் பிடிப்பது என்பதே பெரிய கலை. எஞ்சினைப் பிரித்து, கல்முனையிலுள்ள லேத் பட்டறை ஒன்றில் கிராங்கை அளந்தார்கள். தேய்வு எல்லைக்குள் இருந்தமையால் அதைக் கடையாமல் மெருகேற்றி, புதிய பெயாரிங் மட்டும் போட்டோம். கனெக்டிங் ரொட், கேம் ஷாஃப்ற், எண்ணெய்ப் பம்ப் ஆகியன அளவில் தேறின, மாற்றவில்லை. இவற்றையெல்லாம் "எதற்கும் புதிதாகப் போட்டுவிடுவோம்" என்று மாற்றியிருந்தால் காசு பாதி வழியிலேயே தீர்ந்திருக்கும்.

மிச்சம் பிடிக்கக்கூடாத இடங்களும் இருந்தன. நான்கு சிலிண்டர்களையும் ஒரே அளவில் அரை மில்லிமீற்றர் கடைந்து நான்கு பிஸ்டன்களையும் மாற்றினோம். வால்வு இருக்கைகளை வெட்டிச் சீராக்கினோம். ஹெட் கேஸ்கெட்டில் பலரும் ஏமாறுவர். இந்த எஞ்சினுக்கு அது மூன்று தடிப்புகளில் வருகிறது. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது புளொக்கின் மட்டத்தைவிட எவ்வளவு உயர்ந்து நிற்கிறது என்று அளந்தே உரிய தடிப்பைத் தேரவேண்டும். கடையில் கிடைத்ததைப் போட்டால் ஒன்றில் அமுக்கம் குறையும், அல்லது பிஸ்டன் போய் மேலே முட்டும். டைமிங் பெல்ற்றும் அவ்வாறே. ஓர் இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது அது. அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி, செய்த வேலை அத்தனையும் ஒரு நொடியில் வீணாகும்.

வலு உண்மையில் திரும்பி வந்தது இன்ஜெக்டர் நொசில்களிலும் பம்பிலும்தான் என்று பாஸ் சொல்கிறார். நொசில்களைப் புதிதாக்கி, பம்பை அதற்குரிய பரிசோதனை மேசையில் பூட்டி, நான்கு சிலிண்டர்களுக்கும் ஒரே அளவு டீசல் போகுமாறு சீர்செய்தார்கள். நான் திருகுவித்த அந்த ஆணியும் அதன் பழைய இடத்திற்குத் திரும்பியது. நசுங்கிக் கிடந்த புகைக்குழாய், சேறடைத்த ரேடியேற்றர், ஒரு சிறு தொகைக்கு வாங்கிய புதிய இறப்பர்க் குழாய் ஆகியவற்றோடு பட்டியல் முடிந்தது. அந்த இறப்பர்க் குழாயை உரிய காலத்தில் மாற்றியிருந்தால் எஞ்சின் இவ்வளவு தேய்ந்திராது என்பதை நினைக்கும்போது இன்றும் வயிறு எரிகிறது.

வேலை முடிந்த நாள் அறுவடைக் காலத்தின் நடுப்பகுதி. களத்தில் நெல் காத்துக்கிடந்தது. வானம் மூட்டமாக இருந்தது. சகோதரன் அன்றே சுமை ஏற்றத் துடித்தான். பாஸ் மறுத்தார். முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு முழுச் சுமையும் முழு வேகமும் கூடாது என்றார். அதேவேளை, வீட்டு முற்றத்தில் வெறுமனே உறுமவிட்டுத் தாலாட்டவும் கூடாது என்றார். மிதமான சுமையில் ஓடினால்தான் புதிய ரிங்குகள் சுவரோடு படியுமாம். சும்மா உறுமிக்கொண்டிருந்தால் சுவர் கண்ணாடி போலாகி, எண்ணெய் குடிக்கத் தொடங்குமாம். சகோதரன் என்னைப் பார்த்தான். 2013 இல் முளைத்த நெல் இருவர் கண்ணுக்குள்ளும் இருந்தது. கடைசியில் வாடகைக்கு ஓர் உழவு இயந்திரத்தைப் பிடித்து நெல்லை ஏற்றினான். பிக்கப் ஐந்தாறு மூடைகளோடு அதன் பின்னால் மெதுவாக ஊர்ந்தது. வாடகைக் காசு கையைக் கடித்தது. ஆயினும் அந்தப் போகத்தில் அவன் செய்த மிகச் சிறந்த முதலீடு அதுவே என்பேன்.

இப்போது அதே குளக்கட்டு ஏற்றத்தில், அதே 15 மூடையுடன், ஒரு கியர் மேலே வைத்தே ஏறுகிறது. கரும்புகை இல்லை. வருமான அனுமதிப்பத்திரத்திற்காக ஆண்டுதோறும் செய்யும் புகைப் பரிசோதனைக்கு முந்திய இரவில் சகோதரன் இப்போது நிம்மதியாகத் தூங்குகிறான். "கூட்டச் சொன்ன வலு எங்கே?" என்று ஒருநாள் பாஸிடம் வேடிக்கையாகக் கேட்டேன். "நான் ஒண்டும் கூட்டல்ல காக்கா. களவு போனதத் திருப்பித் தந்திருக்கன்" என்றார்.

இதிலே பொது நன்மைக்குரிய விடயம் ஒன்றும் உண்டு. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்குக் கதவு மீண்டும் திறந்தது உண்மைதான். வரியும் விலையும் சேர்ந்து நிற்கும் தொகையைப் பார்த்த சாதாரண விவசாயி, அந்தக் கதவின் வாசலிலேயே செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறான். இன்னும் பல்லாண்டுகளுக்கு நம் நெல்லையும் மீனையும் மரக்கறியையும் சுமக்கப்போவது இந்தப் பழைய எஞ்சின்களே. அவற்றைக் காப்பவர் தகரக் கொட்டிலில் இருக்கும் பாஸ். அவரிடம் திறமை இருக்கிறது. சிலிண்டர் அளக்கும் கருவியும் மைக்ரோமீற்றரும் அமுக்கமானியும் எல்லோரிடமும் இல்லை. தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ்கள் வழங்கும் நிறுவனங்கள், இளைஞர்களுக்குச் சான்றிதழோடு இந்தக் கருவிகளையும் இலகு தவணையில் கிடைக்கச் செய்தால் அது ஒரு பெரும்போகத்திற்கு ஈடான உதவியாகும்.

வண்டிச் சொந்தக்காரர்களாகிய நமக்கும் ஒரு கடமை உண்டு. கழற்றிப் பூட்டுவதற்குக் கூலி கொடுக்கிறோம். அளப்பதற்குக் கூலி கேட்டால் "சும்மா பார்த்ததற்குக் காசா?" என்கிறோம். அந்தச் சும்மா பார்த்ததுதான் எங்களுக்கு ஒரு கிராங்கையும் ஓர் எண்ணெய்ப் பம்பையும் மிச்சப்படுத்தியது. அளக்காமல் திருகிய ஆணிக்கு நாங்கள் கொடுத்த விலையை மேலே எழுதியிருக்கிறேன்.

இறுதியாக ஒன்று. எஞ்சினுக்கு வலு திரும்பியதும் நாங்கள் செய்த முதல் வேலை பிறேக்கைப் பார்த்தது. இழுக்கும் வண்டி நிற்கவும் வேண்டுமல்லவா? அதையும் பாஸ்தான் நினைவூட்டினார். இம்முறை நான் எந்த ஆலோசனையும் சொல்லவில்லை.